ஆளுக்கொரு சிரட்டை

அழகுத்தாய் மண் தின்கிறாள் என்பது ஈட்டிமேடு தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் தெரியும். மழை பெய்து ஓய்ந்ததும் லயத்தின் பின்சுவர் ஊறி ஒரு வாசனை கிளம்பும். அது மூக்கில் ஏறிவிட்டால் அவளால் இருப்புக்கொள்ளாது. சுவரைச் சுரண்டி, உருண்டை பிடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போவாள். கொழுந்து கிள்ளிக்கொண்டே ஒவ்வொரு உருண்டையாக வாயில் ஒதுக்கிக்கொள்வாள். அக்காள் நாச்சம்மாள் திட்டிப் பார்த்தாள், அடித்துப் பார்த்தாள், ஒருநாள் சுவர் பூராவும் சாணியைக் கரைத்துப் பூசியும் பார்த்தாள். அழகுத்தாய் சாணி பூசாத அடுத்த வீட்டுச் சுவருக்குப் போனாள்.

இருபது வயசைத் தாண்டியிருந்த பெண்ணுக்கு முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கால் வீங்கியிருந்தது. நாலு வரிசைத் தேயிலை மேடு ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். பெரிய கங்காணி சங்கையா நிறுவை நேரத்தில் அவள் கூடையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, தராசில் வைக்காமலேயே "அரைப்பேரு" என்பார். அரைநாள் கூலி என்று அர்த்தம். சோம்பேறிக் கழுதை, தின்பதற்கு மட்டும் வாய் இருக்கிறது, அதுவும் மண்ணைத் தின்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. எஸ்டேட் டிரஸர் பொன்ராஜ் ஒரு தகரக் கொட்டகையில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். காயத்துக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார். அழகுத்தாயைப் பார்த்து, பித்தம், போகப் போகச் சரியாகும் என்றார். அவள் போகப் போக இளைத்தாள்.

சகோதரிகள் போடிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து குரங்கணி வழியாக மலையேறி வந்தவர்கள். நாச்சம்மாளின் புருஷன் காடு வெட்டும்போது மரம் சாய்ந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு தங்கைக்கு அக்காள், அக்காளுக்குத் தங்கை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில், மழை வெறித்துக் கொழுந்து பொங்கி வந்த சமயம், சர்க்கார் அனுப்பிய டாக்டர் ஒருவர் மாட்டுவண்டியில் ஈட்டிமேட்டுக்கு வந்து சேர்ந்தார். மறுநாள் விடியலில், ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்தில், எஸ்டேட் துரை ஒரு ஓரமாகக் குதிரையில் இருக்க, டாக்டர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். அவர் பேசிய தமிழ் பாலக்காட்டு அக்கிரகாரத் தமிழ். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதியே நாச்சம்மாளை அசைத்துவிட்டது.

ஒரு புழு இருக்கிறது என்றார். நூல் துண்டு பருமன்தான். வயிற்றுக்குள் குடலைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து ஈர மண்ணில் பொரிக்கும். செருப்பில்லாத கால் அதில் பட்டால் தோலைத் துளைத்துக்கொண்டு மறுபடி உள்ளே ஏறும். அது பிடித்தவர்களுக்குக் கண்ணின் கீழ்ச்சதை வெளுக்கும், கால் வீங்கும், மேடேறினால் மூச்சு முட்டும். சிலர் மண் தின்பார்கள், சாம்பல் தின்பார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை, அந்த வியாதி தின்னச் சொல்கிறது என்றார்.

நாச்சம்மாள் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். அழகுத்தாய் தலையைக் குனிந்து, முந்தானை முடிச்சைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு சிறிய தகர டப்பா வரும், அதில் அவரவர் பேர் எழுதியிருக்கும், அவரவர் மலத்தில் துளி வைத்துத் தர வேண்டும், கண்ணாடியில் பார்த்து யாருக்குப் புழு இருக்கிறது என்று சொல்கிறேன், பிறகு சர்க்கார் மூலம் மருந்துக்கு ஏற்பாடு ஆகும் என்று டாக்டர் முடித்தார். பெண்கள் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

டப்பா வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நாச்சம்மாள் கங்காணியிடம் கேட்டாள். டாக்டருக்கு வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது, யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்றார் சங்கையா. புழு இருக்கிறது என்று தெரிந்தால் பேரை வெட்டி மலையை விட்டு இறக்கிவிடுவார்கள், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். லயத்தில் பலருக்கு அது நிம்மதியாகவே இருந்தது. அந்தக் கண்றாவியைக் கொண்டுபோய் ஒரு ஐயர் கையில் யார் கொடுப்பது? நாச்சம்மாளுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

டாக்டர் சுந்தரேசன் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். வேதம் படித்த குடும்பத்தில் பிறந்து மலம் படிக்கிறவன் என்று அவருடைய மாமனாரே கேலி செய்வார். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. வியாதியைப் பற்றி மனிதர்களிடம் கேட்டால் பயத்தில் ஒன்று சொல்வார்கள், வெட்கத்தில் ஒன்று சொல்வார்கள், கேட்பவர் மனம் நோகக் கூடாது என்று இன்னொன்று சொல்வார்கள். மனுஷன் பொய் சொல்லுவான், மலம் பொய் சொல்லாது என்பது அவர் வாக்கு. அடிவாரத்து ரப்பர்க் காடுகளிலும் ஏலத் தோட்டங்களிலும் வருஷக்கணக்கில் சுற்றிவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார். போன இடத்திலெல்லாம் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புழு.

ஈட்டிமேட்டில் கிடைத்தது வேறு. தேயிலை ஃபாக்டரிக்குப் பக்கத்திலிருந்த ஒரு காலிக் கிடங்கில் மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்துக்கொண்டு டப்பா டப்பாவாகப் பார்த்தார். முட்டையே இல்லை. முதல் நாள் சந்தேகப்பட்டார். இரண்டாம் நாள் அவருக்குள் ஒரு யோசனை முளைத்தது. மலையின் குளிரில் மண் சில்லிட்டுக் கிடக்கிறது, அதில் முட்டை பொரிப்பதில்லை, ஆகவே இந்த உயரத்துக்கு மேல் புழு ஏறாது. இதுவரை யாரும் கணக்கோடு நிரூபிக்காத விஷயம். நிரூபித்தால் மதராஸ் வைத்திய மாநாட்டில் அவருடைய கட்டுரையை வாசிப்பார்கள். மூன்றாம் நாள் அவர் மனசுக்குள் கட்டுரையின் முதல் பாராவே தயாராகிவிட்டது.

அன்று சாயங்காலம் நிறுவை முடிந்ததும் நாச்சம்மாள் கூடையோடு கிடங்கு வாசலில் வந்து நின்றாள்.

"டாக்டரய்யா, எங்க டப்பா எப்ப வரும்?"

அவர் அவள் முடிவு கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பேர் கேட்டு, அடுக்கிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "இதோ இருக்கே, நாச்சம்மாள், மூணாம் லயம். ஒனக்கு ஒண்ணும் இல்லை, கேட்டயா. சுத்தமாக்கும். நிம்மதியாப் போ."

அவள் போகவில்லை. டப்பாவை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"இதுல எழுதியிருக்கது எம் பேரா?"

"ஆமா."

"பேரு எம் பேருதான். உள்ள இருக்கது என்னுது இல்ல. நான் குடுக்கவே இல்லையே."

கொடுத்துவிட்டு மறந்திருப்பாய் என்றார் டாக்டர்.

"இத யாராச்சும் மறப்பாகளாய்யா?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. டப்பாவில் ஏமாற்றியவர்கள்மேல் அல்ல. அதை வந்து சொன்னவள்மேல். மூன்று நாள் வேலையையும் அந்தக் கட்டுரையையும் ஒரு கூலிக்காரி வாசலில் நின்றபடியே தட்டிவிடுகிறாள். யாரோ தூண்டிவிட்டு வந்திருக்கிறாய், போய்ச் சேர் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டாள்.

"நான் பொய் சொல்லுதேனோன்னு யோசிக்கிறீக. நல்லா யோசிங்க. எனக்கு ஒரு டப்பா குடுங்க, எந்தங்கச்சிக்கு ஒண்ணு குடுங்க. காலையில கொண்டாந்து உங்க கையில குடுக்கேன். அது பொய் சொல்லுதான்னு உங்க கண்ணாடில பாத்துக்கிருங்க."

பெட்டியின் அடியில் மிச்சம் கிடந்த இரண்டே இரண்டு டப்பாக்களை அவர் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் பிரட்டுக்குப் போகாமல் அவள் நேரே கிடங்குக்கு வந்தாள். ஒருநாள் பேர் போனது போனதுதான். அவள் டப்பாவில் முட்டைகள் இருந்தன. பளிங்குபோல, நீள்வட்டமாக, சந்தேகத்துக்கு இடமில்லாத கொக்கிப்புழு முட்டைகள். அழகுத்தாயின் டப்பாவில் எங்கே நகர்த்திப் பார்த்தாலும் முட்டைதான். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மறுபடி பார்த்தார். மலம் பொய் சொல்லாது, வாஸ்தவம். ஆனால் அது யாருடையது என்றும் அது சொல்லாது. அதை அவரே கேட்டிருக்க வேண்டும். நான்கு வருஷமாக அவர் டப்பாக்களை வாங்கியதெல்லாம் கணக்கர்கள் கையிலிருந்து.

பொன்ராஜை வரவழைத்தார். டிரஸர் உள்ளே வந்து, நாச்சம்மாள் நிற்பதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். மறைக்கப் பார்க்கவில்லை. ஒவ்வொரு லயத்துக்கும் கக்கூஸ் கட்டு என்று சர்க்கார் சொல்லிவிட்டால் எஸ்டேட் முதலாளிக் கம்பெனி செலவுக்குத் துரையைக் கேள்வி கேட்கும், அதனால் கணக்கெழுதும் ரைட்டர் சொன்னார், நான் செய்தேன் என்றார். ஏழெட்டுப் பேருடையதை வாங்கி எல்லா டப்பாவுக்கும் பங்கு வைத்தாராம்.

"அவாளுக்கெல்லாம் புழு இல்லைன்னு ஒமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் டாக்டர்.

டாக்டர் மறுபடியும் அதையே கேட்டார்.

"போன மாசம்தான் அவுகளுக்குப் புழு மருந்து குடுத்தேன்" என்றார் பொன்ராஜ்.

பிறகு மிச்சமும் வெளியே வந்தது. கம்பெனி வருஷ ஆரம்பத்திலேயே மருந்து அனுப்பியிருந்தது. பங்களாச் சமையல்காரர், குதிரைக்காரர், ரைட்டர் குடும்பங்கள், இவர்களுக்குக் கொடுத்தது போக மீதி ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. லயத்துக்குக் கொடுத்தால் இரண்டு நாள் வேலை கெடும், கொழுந்து முற்றிவிடும் என்று நிறுத்திவைத்திருந்தார்கள்.

நாச்சம்மாள் டிரஸருக்கு எதிரே வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை.

"மருந்து இங்கயே இருந்துச்சா? எந்தங்கச்சிக்குப் பித்தம்னீகளே."

பொன்ராஜ் மடியிலிருந்த அலமாரிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் நேரே பங்களாவுக்குப் போனார். துரை மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். டப்பாக்கள் முறைப்படி உங்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன, ஒரு கூலிப்பெண் சொன்னதற்காக மறுபடி தொடங்க முடியாது, இது கொழுந்துக் காலம் என்றார். சனிக்கிழமை காலை வண்டி தயாராக இருக்கும், எஸ்டேட் எல்லைக்குள் உங்கள் வேலை முடிந்தது என்று எழுந்து நின்று கைகொடுத்தார்.

கிடங்குக்குத் திரும்பும் வழியெல்லாம் டாக்டர் யோசித்தார். இந்த எஸ்டேட்டில் பரிசோதனை சரிவர நடக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். அது உண்மை. அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. புழு இருக்கிறது என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. ஈட்டிமேடு ஒரு வெற்றிடமாக நின்றுவிடும். துரைக்கு வேண்டியதும் அதுதான்.

எஸ்டேட் எல்லை ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சர்க்கார் ரோடு. ரோட்டோரம் வண்டிக்காரர்கள் மாடு அவிழ்த்துப் போடுகிற ஒரு கொட்டகை இருந்தது. சனிக்கிழமை டாக்டர் அதுவரைதான் போனார். பெட்டியை இறக்கச் சொல்லி, கொட்டகையில் மைக்ராஸ்கோப்பை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் இங்கே இருப்பேன், தன் கையால் கொண்டுவந்து கொடுக்கிற யாருடையதையும் பார்ப்பேன் என்று நாச்சம்மாளிடம் சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் டப்பா தீர்ந்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் நாச்சம்மாள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மருந்து அலமாரியில் இருக்கிற விஷயத்தைச் சொன்னபோது குடம் நிறைந்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் சிரட்டை என்றதும் பின்வாங்கினார்கள். முதலில் வாய் திறந்தவள் கத்தரீனாள். நான்கு பிள்ளை பெற்று மூன்றைப் பறிகொடுத்தவள். ஊர் பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போவதா, அதைவிட மானங்கெட்ட காரியம் உண்டா என்று கேட்டாள்.

"நெறஞ்ச வயித்தோட மேட்டுல மூச்சு முட்டி நீ விழுந்தப்ப, கங்காணி உன்னையக் காலால தட்டி எழுப்புனாரு. பாத்துக்கிட்டு நின்னது அம்புட்டுப் பேரும். அதவிடவா மானங்கெட்டது?" என்றாள் நாச்சம்மாள்.

கத்தரீனாள் முகம் சுருங்கிப்போனது. புழு இருந்தால் பேரை வெட்டுவார்களே என்றாள் சந்தனம் என்ற கிழவி.

"ஒருத்திக்கு இருந்தா வெட்டலாம். எல்லாருக்கும் இருந்தா எத்தன பேர வெட்டுவாக? அம்புட்டுக் கொழுந்தையும் துரைசாணி வந்து கிள்ளுவாளா?"

சிலர் சிரித்தார்கள். யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாச்சம்மாள் தன் சிரட்டையைக் காட்டுச்சேம்பு இலையால் மூடி நாரால் கட்டினாள். அழகுத்தாய்க்கும் ஒன்று கட்டினாள். தாங்கள் இருவர் மட்டும்தான் என்ற எண்ணத்தோடு கதவைச் சாத்திவிட்டு இறங்கினார்கள். லயத்து முக்கில் கத்தரீனாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் சிரட்டை. முகத்தை யாருக்கும் காட்டாமல், நட என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். ஒன்றாம் லயத்தைத் தாண்டும்போது பாதை நிறைந்துவிட்டது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் சிலரும் சோலை என்பவன் தலைமையில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஆளுக்கொரு சிரட்டை. கோயிலுக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவர்கள்போல, சிந்தாமல் கொட்டாமல், கவனமாக நடந்தார்கள்.

ஓடைப் பாலத்தில் சங்கையா தடியோடு நின்றார். பக்கத்தில் இரண்டு ஆட்கள். சேதி அவருக்கு எப்படியோ போயிருந்தது. எல்லாரும் திரும்பிப் போங்கள், இல்லையென்றால் நாளைக்கு ஒருத்தருக்கும் பேர் கிடையாது என்றார். நாச்சம்மாள் நிற்கவில்லை. அவர் தடியை ஓங்கினார். அவள் சிரட்டையை இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தாங்க கங்காணியாரே, நீங்களே வாங்கிக்கிருங்க. உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குச் சோம்பேறித்தனமா, புழுவா?"

ஓங்கிய தடி அப்படியே நின்றது. அடித்தால் அது எங்கே தெறிக்கும் என்று அவருக்கும் தெரியும், பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியும். அந்த இரண்டு ஆட்களும் முதலில் ஒதுங்கினார்கள். சங்கையா ஒரு அடி பின்னால் வைத்தார், பிறகு பாலத்தின் ஓரத்துக்கே போய்விட்டார். வரிசை அவரைக் கடந்து போயிற்று. ஒவ்வொருத்தியும் கடக்கும்போது சிரட்டையை அவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். அழகுத்தாய் பாலத்தின் நடுவில் மூச்சு வாங்க நின்றாள். அவள் மறுபடி நடக்கும்வரை பின்னால் வந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். அவளை அவசரப்படுத்த அன்று ஆள் இல்லை.

துரை குதிரையில் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, என்ன ஊர்வலம் இது, கையில் என்ன என்று சங்கையாவைக் கேட்டார். துரையிடம் சொல்லத்தக்க வார்த்தை ஒன்றைச் சங்கையா தேடினார், கிடைக்கவில்லை. துரை கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே டாக்டர் முதல் சிரட்டையை வாங்கிக்கொண்டிருந்தார். ரோடு சர்க்காருடையது. துரை குதிரையைத் திருப்பினார்.

டாக்டர் ஒவ்வொருவர் கையிலிருந்தும் தானே வாங்கினார். பேர் கேட்டார். "இது ஒன்னோடதுதானே?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பெண்கள் தொடக்கத்தில் நெளிந்தார்கள். பிறகு ஆமா, என்னுதுதான் என்று உரக்கவே சொன்னார்கள். கடைசியில் வந்த சந்தனக் கிழவி, பின்ன கடன் வாங்கியா கொண்டாருவேன் என்று கேட்டதில் கொட்டகையே சிரித்தது. வெளிச்சத்துக்காக மைக்ராஸ்கோப்பை வெயில் போகிற திசையெல்லாம் நகர்த்தி நகர்த்தி வைத்து, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்வரை அவர் பார்த்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர எல்லாருக்கும் புழு. ஒவ்வொருவருக்கும் அவரே சொன்னார். மதராஸ் மாநாட்டுக் கட்டுரை அந்தக் கொட்டகையிலேயே செத்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வருத்தத்தோடுதான் அடுத்த சிரட்டைக்குக் கை நீட்டினார்.

திங்கட்கிழமை பிரட்டுக்களத்தில் யாரும் இல்லை. எல்லாரும் ஆஸ்பத்திரிக் கொட்டகை முன்னால் நின்றார்கள். மருந்து கொடுத்தால் மலைக்குக் கொழுந்து கிள்ளப் போகிறோம், வேறொன்றும் கேட்கவில்லை என்று நாச்சம்மாள் சொன்னாள். கொழுந்து அன்றைக்குக் கிள்ளினால் தேயிலை, இன்னும் சில நாள் போனால் வெறும் இலை. துரைக்கு அது நன்றாகத் தெரியும். உச்சி சாயும் நேரம் பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. ஆனால் அது வருவதற்கு முன்பே பொன்ராஜ் அலமாரியைத் திறந்து மருந்தை மேஜைமேல் வைத்துவிட்டிருந்தார். பயத்தாலா, வெட்கத்தாலா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நோஞ்சான்களுக்கு எவ்வளவு, திடமானவர்களுக்கு எவ்வளவு, வெறும் வயிற்றில் கொடுத்தபின் எப்போது பேதி உப்புக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் சொல்லியனுப்பினார்.

அழகுத்தாய்க்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தியெடுத்து, நினைவு தப்பிப் படுத்துவிட்டாள். நாச்சம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா இருந்தவளை நானே கொன்றுவிட்டேனோ என்று அவளுக்குத் தோன்றியது. அன்று மட்டும் அவள் பயந்தாள். மறுநாள் தங்கை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். இரண்டாம் முறை மருந்து சாப்பிட்ட பிறகு, ஐப்பசி மழையில் சுவர் ஊறி மணந்தபோது, அவள் அதைத் திரும்பிப் பார்க்காமல் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அந்த மாசக் கடைசியில் நிறுவையில் அவள் கூடை தராசில் ஏறியது. சங்கையா முழுப்பேர் போட்டார்.

டாக்டர் அங்கிருந்து இன்னும் உயரத்திலிருக்கும் வட்டவடைக் கிராமத்துக்குப் போனார். வீடுவீடாக ஏறி, தன் கையாலேயே வாங்கிப் பார்த்தார். அந்த உயரத்தில் புழு உண்மையாகவே குறைவாக இருந்தது. அவர் நினைத்ததில் ஏதோ கொஞ்சம் நிஜம் இருந்திருக்கிறது, ஆனால் அவர் எழுத நினைத்த அளவுக்கு இல்லை. இருந்த அளவை மட்டும் எழுதினார். அறிக்கையில் ஈட்டிமேட்டைப் பற்றிய பக்கத்தில் டப்பாவில் கிடைத்ததையும் சிரட்டையில் கிடைத்ததையும் அருகருகே வைத்து, எது எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் எழுதினார்.

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, துரையிடமிருந்து புகார் வந்திருக்கிறது, மேலும் சிரட்டையில் வாங்குவது விதிகளில் இல்லை, அந்தப் பக்கத்தை எடுத்துவிடு என்றார். விதிப்படி வாங்கியதுதான் பொய்யாக இருந்தது என்றார் சுந்தரேசன். அந்தப் பக்கத்தை எடுப்பதானால் என் பேரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கம் அச்சில் வந்தது. அவரைச் சமவெளியில் அம்மை குத்தும் வேலைக்கு மாற்றினார்கள். போகிற இடத்தில் எல்லாம், கணக்கர் கொண்டுவந்து கொடுக்கிற எண்ணிக்கையை வாங்கிக்கொள்ளாத கிறுக்கு டாக்டர் என்று பெயரெடுத்தார்.

ஈட்டிமேட்டில் லயத்துக்கு ஒன்றாகக் கக்கூஸ் எழும்பியது. ஆனால் அதற்கு முன்பே, மார்கழிப் பனியில் கொழுந்து குறைந்ததும், நாச்சம்மாளின் பேரையும் அழகுத்தாயின் பேரையும் வெட்டிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. கத்தரீனாளும் மற்றவர்களும் போய்க் கேட்டார்கள். ஆள் அதிகம் என்று பதில் வந்தது. கொழுந்து இல்லாத காலத்தில், அன்றுபோல நிறுத்திவைத்துக் கேட்க, போனவர்கள் கையில் வேலை இல்லை. கத்தரீனாள் பாலம்வரை வந்து வழியனுப்பினாள். நாச்சம்மாள் அழவில்லை. பேரை வெட்டினால் வெட்டட்டும், என் தங்கை இந்த மேட்டைத் தன் காலால் இறங்குகிறாள், பார் என்றாள்.

மூணாறு வழியாக மறையூருக்கு நடந்தார்கள். அங்கே கரும்பு வெட்டு தொடங்கியிருந்தது. பெரியமுத்து என்பவருக்குச் சொந்தக் கரும்புக்காடும் வெல்லம் காய்ச்சும் ஆலையும் இருந்தன. ஆள் வேண்டும் என்று சொல்லி, வாய்க்கால் ஓரத்தில் ஒரு குடிசையைக் காட்டினார். நாச்சம்மாள் மூட்டையை இறக்கவில்லை. குடிசையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள்.

"கக்கூஸ் எங்கிட்டு இருக்கு?"

பெரியமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய கரும்புக்காடு எதற்கு இருக்கிறது என்றார்.

"நீ வேல கேட்டு வந்தியா, கக்கூஸ் கேட்டு வந்தியா?"

"ரெண்டுந்தான். அது இல்லாத எடத்துல நாங்க காலு வைக்கிறதா இல்ல."

கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத சமயம். பெரியமுத்து தலையைச் சொறிந்தார். வேண்டுமானால் நீங்களே குழி வெட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை என்று ஒரு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஆலைப் பக்கம் போனார். சாயங்காலம் பாகு இறக்கிவிட்டு அவர் திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் இடுப்பளவுக்குத் தோண்டியிருந்தார்கள். இளையவள் குழிக்குள் நின்று மண்ணை வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தாள். போதுமே என்றார் பெரியமுத்து. போதாது, இன்னும் ஒரு ஆள் உயரம் இறங்க வேண்டும், அடியில் கல் தட்டுகிறது, ஒரு கடப்பாரை கொடுங்கள் என்றாள் நாச்சம்மாள்.